சாட்சிக்கு யார் துணை?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியோ, நாயன்மார் வரலாற்றைப் பற்றியோ பேசுவதே எமது சங்கத்தின் வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். நீதிமன்றத்திலே சாட்சி சொல்லப் போகும் ஒருவரை முகநூல் வழியாகவும் வட்ஸ்அப் வழியாகவும் மிரட்டுவது இக்காலத்திலே எவ்வாறு நடைபெறுகின்றது, அதனால் நீதிக்கு என்ன நேர்கின்றது என்பதைப் பற்றியே பேச எண்ணியுள்ளோம். இதுவும் சமயத்தைப் பற்றிய பேச்சுத்தான் என்பதை முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகின்றோம்.

முதலில், நாம் எல்லோரும் அறிந்த ஒரு வழக்கை நினைவூட்டுகின்றோம். சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலுக்கு முதியவர் ஒருவர் வந்தார். "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என் கையில் இருக்கின்றது" என்றார். மணமகன் சாமானியர் அல்லர். சிற்றரசர் நரசிங்கமுனையரையர் தம் பிள்ளைபோல் வளர்த்த செல்வர். சுற்றமும் ஊரும் அவர் பக்கம். அவர் சினங்கொண்டு ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்துவிட்டார். முதியவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே முறையிட்டார். ஆட்சி, ஆவணம், சாட்சி என்னும் மூன்றில் ஒன்றினால் வழக்கை நிறுவவேண்டும் என்பது அக்காலத்து முறை. "கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை என்னிடம் உண்டு" என்று முதியவர் அதனைச் சபையோர் முன் வைத்தார். சபையோர் கையெழுத்தை ஒப்புநோக்கி, அரசர் வீட்டுப் பிள்ளைக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார்கள்.

வந்தவர் சிவபெருமான் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சபையோருக்குத் தெரியாது. அவர்கள் கண்டது தனியாக வந்து நின்ற ஒரு முதியவரைத்தான். அவரைக் கூச்சலிட்டு விரட்டாமல், அவர் சொல்ல வந்ததைச் சொல்லவிட்டார்கள். நீதியின் முதற் படி அதுவே. பேச வந்தவனைப் பேசவிடாத சபையில் மூல ஓலை இருந்தும் பயன் இல்லை.

இன்று ஆட்சியும் ஆவணமும் இல்லாத வழக்குகளே மிகுதி. ஒரு லயத்து வாசலிலே நடந்த அடிதடிக்கு ஆவணம் ஏது? இருட்டிலே ஒரு பெண் பட்ட துன்பத்துக்குப் பத்திரம் ஏது? கண்டவர் ஒருவர், கேட்டவர் ஒருவர், பட்டவர் ஒருவர். இவர்களுடைய வாய்ச்சொல்லே வழக்கின் உயிர். குற்றவியல் வழக்கிலே நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிறுவவேண்டியது வழக்குத் தொடுநரின் கடமை. ஒரு சாட்சி வராவிட்டால், வந்தும் தடுமாறினால், முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால், அங்கே சந்தேகம் பிறக்கின்றது. சந்தேகத்தின் பயன் எதிரிக்கே உரியது. அது நல்ல சட்டம், நிரபராதியைக் காப்பது. ஆனால் அச் சந்தேகத்தை அச்சத்தினால் உண்டாக்கிவிடலாம் என்று கெட்டவர்கள் கண்டுகொண்டார்கள். நீதிபதியை விலைக்கு வாங்குவதும் சட்டத்தரணியை வெல்வதும் அவர்களுக்கு வேண்டியதில்லை. சாட்சியின் நாவை அடக்கினாற் போதும்.

நாட்டிலே நடந்தவை

இது வெறுங் கற்பனை அன்று. வத்தளைப் பொலிஸ் நிலையத்திலே 2002ஆம் ஆண்டு சித்திரவதைக்கு உள்ளான ஜெராட் பெரேரா என்பவர், தவறான ஆளாகப் பிடிக்கப்பட்ட ஒரு சாதாரணத் தொழிலாளி. உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்குமாறு 2003இல் தீர்ப்பளித்தது. பின்னர் மேல் நீதிமன்றத்திலே தொடரப்பட்ட குற்றவியல் வழக்கில் அவர் சாட்சி சொல்லவேண்டிய நாள் நெருங்கியபோது, 2004 நவம்பரில், பஸ்ஸில் வைத்துச் சுடப்பட்டார். சில நாட்களில் உயிர் துறந்தார்.

2006 ஜனவரி 2ஆந் திகதி திருகோணமலைக் கடற்கரையிலே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டதை அறியாதார் இலர். அவர்களுள் ஒருவரின் தந்தையாகிய வைத்தியர் மனோகரன் மரண விசாரணையிலே துணிந்து சாட்சி சொன்னார். அதன் பின் அவருக்கு வந்தவை மிரட்டல்கள். ஈற்றில் அவர் குடும்பத்துடன் நாட்டை விட்டே வெளியேறினார். அம்மாணவர்களின் உடல்களைப் படம் பிடித்து வெளியிட்ட பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 2019 ஜூலையில், சந்தேகநபர்கள் பதின்மூவரும் போதிய சாட்சியம் இல்லையென்று திருகோணமலை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சியம் எங்கே போயிற்று? அச்சத்தினாற் கடல் கடந்து போயிற்று, மண்ணுக்குள்ளும் போயிற்று.

இத்தகைய துன்பங்களின் பின்னரே, 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், குற்றச்செயல்களினாற் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கவென்று நிறைவேறியது. அதன் இடத்தைப் பின்னர் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் எடுத்துக்கொண்டது. சாட்சியை அச்சுறுத்துவது தனிக் குற்றம் என்றும், பாதுகாப்புக் கோரும் உரிமை சாட்சிக்கு உண்டு என்றும், எதிரியின் முகத்துக்கு முன் நில்லாமல் வேறோர் இடத்திலிருந்து ஒலி ஒளி இணைப்பின் வழியே சாட்சியம் அளிக்கலாம் என்றும் சட்டம் வழி வகுத்துள்ளது. இதற்கென ஒரு தேசிய அதிகாரசபையும் பொலிஸிலே ஒரு தனிப் பிரிவும் ஏற்படுத்தப்பட்டன. சட்டம் இருக்கின்றது. ஆனால் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையின் சரிவிலும் உள்ள எங்கள் லயங்களிலே அச் சட்டத்தின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

கத்தியில்லாத மிரட்டல்

முன்னாளில் சாட்சியை மிரட்ட விரும்பியவன் நேரே வரவேண்டும். இரவில் லயத்துக் கதவைத் தட்டவேண்டும். தேயிலை மலையிலே வழிமறிக்கவேண்டும். வந்தவனை நாய் குரைத்துக் காட்டிக்கொடுக்கும், அயலவர் கண்டுகொள்வர். இன்று அந்தச் சிரமம் இல்லை. மிரட்டுபவன் கொழும்பிலே இருக்கலாம், குவைத்திலே இருக்கலாம், அடுத்த காம்பராவிலேயே இருக்கலாம். பொய்ப் பெயரிலே ஒரு முகநூற் கணக்கு. அதிலே சாட்சியின் படம். படத்தின் கீழ் ஓர் ஏளனச் சொல். வேறொன்றும் வேண்டியதில்லை.

இதிலே "கொன்றுவிடுவேன்" என்று வெளிப்படையாக எழுதுபவன் மூடன், அவன் அகப்பட்டுக்கொள்வான். தந்திரசாலி அப்படி எழுதுவதில்லை. சாட்சி பொலிஸ் நிலையத்துப் படியிறங்கும் படத்தைப் போட்டு, "இவரைத் தெரிகின்றதா?" என்று மட்டும் கேட்பான். பிள்ளை படிக்கும் பாடசாலையின் பெயரைச் சும்மா குறிப்பிடுவான். "காசுக்குச் சாட்சி சொல்பவர்" என்பான். பெண்ணாயின் அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வதந்தியைக் கட்டிவிடுவான். ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தாற் சின்னஞ் சிறியது. எல்லாம் சேர்ந்தால் ஒரு மனிதரைச் சுற்றி எழுப்பிய மதில். வழக்கு நடக்கும் ஆண்டுகள் எத்தனையோ, அத்தனை ஆண்டுகளும் அவர் அந்த மதிலுக்குள்ளேயே வாழவேண்டும்.

நகரத்திலே இருப்பவருக்கு வீடு மாறலாம், தெரு மாறலாம். எமது தோட்டத்து மக்களுக்கு அது எளிதன்று. வேலையும் வீடும் ஒரே தோட்டத்திலே கட்டுண்டு கிடக்கின்றன. சாட்சி சொல்பவரும், சாட்சி யாருக்கு எதிராகச் சொல்லப்படுகின்றதோ அவரின் உறவினரும் ஒரே பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். ஒரே பீலியிலே தண்ணீர் பிடிக்கவேண்டும். ஒரே கோயிலிலே கும்பிடவேண்டும். அப்படிப்பட்ட ஓரிடத்திலே ஒரு படம் இருநூறு கைத்தொலைபேசிகளுக்குப் போய்விட்டால், அது ஊர்விலக்கத்துக்கு ஒப்பானது.

நாம் ஓர் உண்மையை ஒளிக்காமற் சொல்லவேண்டும். பெயரும் இடமும் வேண்டாம். ஒரு தோட்டத்திலே நடந்த தாக்குதலைக் கண்ணாற் கண்ட பெண் ஒருவர் பொலிஸிலே வாக்குமூலம் கொடுத்தார். அன்று மாலையே அவருடைய படம் ஒரு வட்ஸ்அப் குழுவிலே வந்தது. "எங்கள் பையன்களைக் காட்டிக்கொடுத்தவர்" என்பது அதன் கீழிருந்த வாசகம். அந்தக் குழுவிலே எம்மவர் பலர் இருந்தோம். நாம் அதை அனுப்பவில்லை, ஆனால் பார்த்தோம். "இது தவறு" என்று ஒருவராவது எழுதினோமா? இல்லை. எம்மில் ஒருவர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்தார். மற்றவர்கள் அதையும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்திலே அப் பெண்ணுடன் பேச ஆள் இல்லை. அவருடைய பிள்ளையைப் பாடசாலையிலே பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சில வாரங்களிலே, "நான் சரியாகப் பார்க்கவில்லை, இருட்டாக இருந்தது" என்று அவர் சொல்லத் தொடங்கினார். அந்த இருட்டை உண்டாக்கியவர் யார்? படத்தைப் போட்டவன் ஒருவன். அந்த ஒருவனுடைய மிரட்டலுக்குக் காலும் குரலும் கொடுத்தவர்கள் நாம். எமது மௌனத்தை அவர் ஊரின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். அவ்வாறு எடுத்துக்கொண்டதிலே அவர் மேல் என்ன தவறு? இன்று இம்மேடையிலே இப்பொருளைப் பேச நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே.

எங்கள் பதுளையின் பாடம்

அச்சத்தைக் கடந்து பேசியவரும் எங்கள் நகரத்திலே உண்டு. 2018 ஜனவரியிலே, பதுளைத் தமிழ் மகளிர் பாடசாலையின் அதிபரான ஓர் அம்மையார், மாணவி ஒருவரைச் சேர்த்துக்கொள்வது தொடர்பான பிரச்சினையில், அன்றைய ஊவா மாகாண முதலமைச்சரின் இல்லத்திலே முழந்தாளிட வைக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் பரவியது. தொடக்கத்திலே அப்படி எதுவும் நடக்கவில்லை என்ற கூற்றே வெளிவந்தது. சில நாட்கள் சென்றபின், அதிபரே ஊடகத்தார் முன்னிலையில் வந்து, தமக்கு நேர்ந்ததைத் தம் வாயாற் கூறினார். முதலமைச்சர் தம்மிடம் இருந்த மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகினார். கைது செய்யப்பட்டுப் பதுளை நீதவான் நீதிமன்றத்தாற் பிணையில் விடப்பட்டார். மனித உரிமைகள் ஆணைக்குழுவும் விசாரணை நடத்தியது.

குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது எமது வேலையன்று. நாம் பார்க்கவேண்டியது, முதற் கூற்றுக்கும் இரண்டாங் கூற்றுக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்களை. படித்தவர், பதவியில் இருந்தவர், நகரத்தின் நடுவே வாழ்ந்தவர். அவருக்கே வாய் திறக்க நாள் எடுத்தது. அவர் பேசியபோது ஆசிரியர் சங்கங்கள் அவருக்காகக் குரல் கொடுத்தன. பத்திரிகைகளும் சமூக ஊடகங்களும் செய்தியை எங்கும் கொண்டு சென்றன. ஆகவே அவர் தனித்து நிற்கவில்லை. அப்படியாயின், பசறையிலிருந்து ஏறிப்போகும் ஒரு தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பக்கத்திலே நிற்க எந்தச் சங்கம் இருக்கின்றது? அந்தக் கேள்விக்கு "நாங்கள் இருக்கின்றோம்" என்று சொல்ல முடியாவிட்டால், சங்கம் என்ற பெயர் எமக்கு எதற்கு?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஜனவரியிலே நீதியின் குரலைக் கொண்டு சென்ற அதே முகநூலும் வட்ஸ்அப்பும், அதே ஆண்டு மார்ச் மாதத்திலே கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கு எதிராகக் கிளம்பிய வன்செயலிலே வெறுப்பையும் வதந்தியையும் கொண்டு சென்றன. அரசாங்கம் அவற்றைச் சில நாட்கள் முடக்கவும் நேர்ந்தது. 2020ஆம் ஆண்டிலே முகநூல் நிறுவனமே தனது தளம் அவ்வாறு பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது. ஆதலின் கருவியைப் பழிப்பதிலே பொருளில்லை. விளக்கேற்றும் தீக்குச்சியே கூரையையும் எரிக்கும். குச்சியைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதே கேள்வி.

பொள்ளாச்சியில் நின்ற சாட்சிகள்

எங்கள் மலைகளை விட்டுச் சற்றே கடல் கடந்து பார்ப்போம். தமிழ்நாட்டிலே வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறிப்போகும் வழியின் அடிவாரத்திலே பொள்ளாச்சி என்னும் ஊர் உண்டு. அங்கே சில இளைஞர்கள் கூட்டாகச் சேர்ந்து, பெண்களுடன் நட்புப் பாராட்டி, நம்பி வந்தவர்களைக் கொடுமை செய்து, அதனைக் கைத்தொலைபேசியிலே படம் பிடித்து, "வெளியே சொன்னால் இந்தப் படம் ஊரெல்லாம் போகும்" என்று அடக்கி வைத்திருந்தார்கள். அந்த ஒரு மிரட்டலே பலரை வாய் மூடவைத்தது. 2019 பெப்ரவரியிலே ஒரு மாணவி துணிந்து முறைப்பாடு செய்தார். அடுத்த சில நாட்களிலேயே அவருடைய சகோதரர் தாக்கப்பட்டார். அதிலும் கொடுமை, காக்கவேண்டிய பொலிஸ் உயரதிகாரியே பத்திரிகையாளர் கூட்டத்திலே அப் பெண்ணின் பெயரை வெளியிட்டதுதான். மற்றவர்களுக்கு அது எத்தகைய எச்சரிக்கையாய் அமைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனைக் கண்டித்து, அப் பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உத்தரவிட்டது.

அவ்வழக்கு இங்ஙனமே மடிந்து போயிருக்கலாம். மடியவில்லை. விசாரணை மத்திய புலனாய்வுப் பிரிவின் கைக்குச் சென்றது. பாதிக்கப்பட்டோரின் பெயரும் முகமும் காக்கப்பட்டன. எட்டுப் பெண்கள் வழக்கிலே உறுதியாக நின்றார்கள். 48 சாட்சிகளில் ஒருவரேனும் பிறழ் சாட்சியாக மாறவில்லை என்று அரசுச் சட்டத்தரணி பின்னர் கூறினார். 2025 மே 13ஆந் திகதி கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் எதிரிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு 85 இலட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. பெண்களை அடக்குவதற்கென்று எடுத்த படங்களே எடுத்தவர்களுக்கு எதிரான சான்றாகி நின்றன.

திருகோணமலையிலே சாட்சிகள் போனார்கள், வழக்கும் போயிற்று. பொள்ளாச்சியிலே சாட்சிகள் நின்றார்கள், நீதியும் நின்றது. பொள்ளாச்சிப் பெண்களின் துணிவு பெரிது. ஆனால் வைத்தியர் மனோகரனின் துணிவு அதற்குச் சிறிதும் குறைந்ததன்று. வேறுபாடு துணிவிலே இல்லை; துணையிலேதான். தனித்து விடப்பட்ட வீரன் நாட்டை விட்டுப் போகின்றான். துணையுள்ள சாமானியன் கூண்டிலே ஏறி உண்மையைச் சொல்கின்றான்.

நாம் செய்யவேண்டுவன

ஆகவே, வாலிப அன்பர்களே, எமது கடமைகள் எவை?

முதலாவது, எமது விரல்களைக் காப்போம். பொலிஸ் நிலையத்திலோ நீதிமன்ற வாசலிலோ நிற்கும் எவருடைய படத்தையும் நாம் எடுப்பதில்லை, அனுப்புவதில்லை. சந்தேகநபரின் படத்துக்கும் இது பொருந்தும். இதை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். அடையாள அணிவகுப்பு நடப்பதற்கு முன் சந்தேகநபரின் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டால், "படத்தைப் பார்த்துத்தானே காட்டினாய்?" என்ற கேள்விக்குச் சாட்சி விடை சொல்லமுடியாது. நல்லெண்ணத்தோடு படம் பரப்பியவர் குற்றவாளிக்கே உதவி செய்தவராவார். பிடிபட்டவர் நிரபராதியாயின் அந்தப் பாவமும் எம்மைச் சேரும்.

இரண்டாவது, குழுவிலே பேசுவோம். ஏளனப் படம் ஒன்று வந்தால், "இது சாட்சியை மிரட்டுவது, இதை நீக்குங்கள்" என்று ஒருவர் எழுதட்டும். பின் இன்னும் இருவர் எழுதட்டும். மூன்று பேரின் சொல் மிரட்டுபவனுக்குப் போதும். மிரட்டப்பட்டவருக்கோ அது பெருஞ் செல்வம்.

மூன்றாவது, மூல ஓலையைக் காப்போம். மிரட்டல் வந்தவர் அச்சத்திலும் வெட்கத்திலும் முதலிற் செய்வது அதனை அழிப்பதே. அழிக்கவேண்டாம். மறுமொழியும் எழுதவேண்டாம். திரையைப் படம் எடுத்து வையுங்கள். வந்த நாள், நேரம், தொலைபேசி இலக்கம், கணக்கின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். ஆனால் திரைப்படம் படியோலைதான். செய்தி வந்த கைத்தொலைபேசியே மூல ஓலை. அதை விற்காமல், மாற்றாமல் பத்திரப்படுத்துங்கள். திருவெண்ணெய்நல்லூரிலே வழக்கு நின்றது மூல ஓலையாலன்றோ!

நான்காவது, கூடப் போவோம். முறைப்பாட்டைத் தமிழிலே செய்ய எமக்கு உரிமை உண்டு. எழுதியது விளங்காமற் கையொப்பம் இடவேண்டியதில்லை. மிரட்டலைப் பொலிஸுக்கு மட்டுமன்றி வழக்கு நடத்தும் சட்டத்தரணிக்கும் அவர் மூலம் நீதிமன்றத்துக்கும் அறிவிக்கவேண்டும். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கங்கள் உள. இவற்றை அறிந்த வாலிபர் இருவர், வழக்கு நாளன்று காலைப் பஸ்ஸிலே அந்தச் சாட்சியுடன் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய், மாலையிலே வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடட்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: துணை போவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. "இப்படிச் சொல், அப்படிச் சொல்" என்று சாட்சிக்குப் பாடம் படிப்பிப்பதும் நீதியைக் கெடுப்பதே. அவர் கண்டதை அவரே சொல்லட்டும். நாம் பஸ் கட்டணத்தையும் தேநீரையும் மட்டும் பார்த்துக்கொள்வோம்.

ஐந்தாவது, பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். சிறியோர் சொல்கின்றோம், பொறுத்தருள வேண்டும். "பொலிஸ் எதற்கு, கோர்ட்டு எதற்கு, கோயிலிலே கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பது எங்கள் தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். எல்லைத் தகராறையும் கடன் தகராறையும் அப்படித் தீர்ப்பது நன்று. ஆனால் ஒரு பெண்ணுக்கோ ஒரு பிள்ளைக்கோ கொடுமை நேர்ந்த விடயத்திலே அப்படிப் பேசுவது, சாட்சியைச் சாமியின் பெயரால் மிரட்டுவதாகவே முடிகின்றது. முகநூலிலே பொய்ப் பெயரில் வருபவனை விட, மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் அன்பாகச் சொல்லும் "விட்டுவிடம்மா" என்ற சொல்லுக்கு வலிமை அதிகம். அந்த வலிமையை நீங்கள் நீதியின் பக்கம் வைத்தருள வேண்டும்.

உங்கள் மௌனத்துக்குக் காரணம் உண்டு என்பதை நாம் அறிவோம். 1983 ஜூலையிலே இப் பதுளை நகரம் எரிந்ததைக் கண்ணாற் கண்டவர்கள் இச் சபையிலே இருக்கின்றீர்கள். கண்டதைச் சொல்ல இடமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை என்று நெஞ்சுக்குள்ளே புதைத்தவர்கள் நீங்கள். பேசினால் ஆபத்து என்ற பாடத்தை உங்களுக்குப் புகட்டியது காலம். ஆனால் அந்தப் பாடத்தையே எங்களுக்கும் முதுசமாகக் கொடுத்துவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கின்றோம்.

இணையத்திலே நடக்கும் கேடுகளைத் தடுக்கவென்று 2024ஆம் ஆண்டிலே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஒன்றும் நிறைவேறியது. அது கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கக்கூடும் என்று அறிஞர் பலர் எதிர்த்ததையும் நாம் அறிவோம். சட்டங்கள் வரும், திருத்தப்படும், ஒன்றின் இடத்தை மற்றொன்று எடுக்கும். அவற்றிலே குறையும் நிறையும் உண்டு. ஆனால் இரவு ஏழு மணிக்கு ஒரு லயத்து அறையிலே, கையிலே தொலைபேசியை வைத்துக்கொண்டு, தன் படத்தைத் தானே பார்த்து நடுங்கும் ஒரு தாயின் கதவடிக்கு எந்தச் சட்டமும் அந்த நேரத்திலே நடந்து வராது. நடந்து வரக்கூடியவர்கள் நாம்தான்.

அன்பர்களே, இதுவும் சமயப் பேச்சே என்று தொடக்கத்திலே சொன்னோம். எங்கள் வாழ்க்கையிலே சாட்சியில்லாத சடங்கு எது? மணவறையிலே அக்கினி சாட்சி. ஒரு சொல்லை உறுதிப்படுத்தவேண்டுமாயின், எங்கள் ஊவா மாகாணத்திலேயே கோயில் கொண்டிருக்கும் கதிர்காமக் கந்தன் சாட்சி என்கின்றோம். திருவாரூரிலே மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலிற் கட்டிய ஆராய்ச்சி மணியை ஒரு பசு வந்து அசைத்தது; அதனை விரட்ட ஒருவரும் இல்லை. பசுவுக்கும் நீதியின் கயிறு எட்டியது. எங்கள் காலத்திலே, எங்கள் தோட்டத்திலே, ஒரு மனிதருக்கு அந்தக் கயிறு எட்டாமற் போகுமாயின், சிவன் கோயில் மணியை நாம் எத்தனை முறை அடித்தும் என்ன பயன்?

அன்று ஒரு குழுவிலே மௌனமாக இருந்தோம் என்று சொன்னோமல்லவா? அந்தத் தாயின் வீட்டுக்கு எம்மில் சிலர் பின்னர் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை, தேநீர் தந்தார். "அன்றைக்கு ஒருத்தராவது வந்திருக்கலாம், தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை எமது சங்கத்தின் இவ்வாண்டுத் தீர்மானமாக ஏற்றுக்கொள்ளுமாறு உங்கள் எல்லோரையும் வேண்டி அமைகின்றோம். இனி ஒருவருக்கு இப்படி நேருமாயின், அன்றைக்கே ஒருவர் போகவேண்டும். அவர் எம்மவராக இருக்கவேண்டும்.

கதிர்வேலன் திருவருள் எம் அனைவருக்கும் அந்தத் துணிவைத் தருவதாக. வணக்கம்.